வீட்டுக்குள் வன்முறை: காரைக்குடி வட்டாரத்தில் பாதுகாப்பாக உதவி பெறுவது எப்படி

கணவரோ அவர் வீட்டாரோ எடுத்துப் பார்க்கிற போனில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் 3-ஆம் பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். மற்றவை காத்திருக்கும்.

இந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. காயம் பட்டிருந்தால் 108. ஆலோசனை, தங்குமிடம், வக்கீல் எதுவானாலும் பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

1. இது வெறும் சண்டையா, வன்முறையா?

எல்லா வீட்டிலும் சண்டை உண்டு. சண்டைக்குப் பிறகு யார் பயப்படுகிறார் என்று பாருங்கள். இருவரும் கத்திவிட்டு மறுநாள் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடிந்தால் அது சண்டை. ஒருவர் மட்டும் எப்போதும் வார்த்தையை எடைபோட்டுப் பேசுகிறார், கார் சத்தம் கேட்டதும் வயிறு கலங்குகிறது, யாரிடம் போனில் பேசினோம் என்று தினமும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நான்கு வகையைச் சொல்கிறது: உடல், பாலியல், சொல்லும் மனமும், பணம். கடைசி இரண்டையும் நம் பக்கத்தில் யாரும் வன்முறை என்று எண்ணுவதில்லை. உங்கள் பேரில் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை ஏ.டி.எம். கார்டை வைத்துக்கொண்டு வேறொருவர் எடுப்பது, உங்கள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, அம்மா வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது, கல்யாணத்தில் பரப்பிய சீர் சாமானை எண்ணிக் காட்டி வருஷக்கணக்கில் குத்திப் பேசுவது எல்லாம் இதில் வரும். கணவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு, வீட்டில் கேமரா வைத்து, வீடியோ காலில் ஒவ்வோர் அறையாகக் காட்டச் சொல்வதும் கட்டுப்படுத்தும் வன்முறைதான். தூரத்தில் இருப்பதால் அது அக்கறை ஆகிவிடாது.

கணவர் மட்டும் என்றில்லை. மாமியார், நாத்தனார், கொழுந்தனார் மீதும் இந்தச் சட்டத்தில் மனுப் போடலாம். எதிர்த்தரப்பு வயது வந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரியை 2016-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. மகன் அடிக்கிற தாய், அண்ணன் வீட்டில் இருக்கும் விதவைத் தங்கை, தாலி கட்டாமல் குடும்பம் நடத்தும் பெண் ஆகியோருக்கும் வழி உண்டு. அறுபது வயது தாண்டிய பெற்றோர், ஆணோ பெண்ணோ, 14567-ஐ அழைக்கலாம். ஜீவனாம்சத்துக்குக் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். அடிபடுகிற ஆண்களுக்கு இந்த 2005 சட்டம் உதவாது, ஆனால் 112-ம் சாதாரண அடிதடிப் புகாரும் எல்லோருக்கும் பொது.

2. ஆபத்து எவ்வளவு என்று எடை போடுங்கள்

கீழே உள்ளதில் ஒன்று நடந்திருந்தாலும் "பொறுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இடமில்லை:

- கழுத்தை நெரித்திருக்கிறார், ஒரு தடவையானாலும்.
- கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து என்று கையில் எடுத்து மிரட்டியிருக்கிறார்.
- "நீ போனா ஒன்னையும் கொன்னுட்டு நானும் செத்துருவேன்" என்கிறார்.
- நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போது அடி கூடியிருக்கிறது.
- போகிற இடமெல்லாம் பின்னால் வருகிறார்.

கழுத்து நெரிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கும். குரல் மாறுவது, விழுங்கும்போது வலி, தலைசுற்றல், கண்ணில் சிவப்புப் புள்ளி இவை மணிக்கணக்கில், சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் "கழுத்தை நெரித்தார்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். "கீழே விழுந்துட்டேன்" என்று சொன்னால் சீட்டில் அதுதான் ஏறும், பிறகு மாற்ற முடியாது.

இன்னொன்று: வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் அதையொட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. ஆகவே கிளம்பப்போவதாகக் கோபத்தில் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். நம் ஊர் வீடுகள் வேறு பெரியவை. வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டிலிருந்து கத்தினால் தெருவுக்குக் கேட்காது. பக்கத்து வீடும் எதிர் வீடும் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள் என்று கணக்குப் போட வேண்டாம். சண்டை மூளும்போது அடுப்படி, மாடி, கதவு உள்ளே தாழிடும் அறை மூன்றையும் தவிர்த்து, முகப்பு அல்லது பின்கட்டு வாசல் பக்கம் நகருங்கள்.

3. போன்

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாட்ஸ்ஆப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்பதைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அங்கே இருந்தால் உங்கள் பேச்சு முழுவதும் வேறிடத்தில் ஓடுகிறது. கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், போட்டோக்கள் யாருடைய கணக்கில் ஏறுகின்றன என்றும் பாருங்கள்.

பார்த்துவிட்டு உடனே எல்லாவற்றையும் துண்டிக்காதீர்கள். திடீரென்று துண்டித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் போனை வழக்கம்போலச் சமையல் வீடியோவுக்கும் அம்மாவுடன் பேசவும் வைத்துக்கொண்டு, முக்கியமான பேச்சை வேறு போனில் பேசுங்கள்: தோழி, அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியை, வேலை செய்யும் கடை. 181-ஐ உங்கள் போனிலிருந்தே அழைக்க நேர்ந்தால் அழைப்புப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் அழியுங்கள். பட்டியல் முழுவதும் காலியாக இருந்தால் அதுவே சந்தேகம். தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலி நல்லதுதான், ஆனால் அதன் படம் திரையில் தெரியும். போனைச் சோதிக்கும் வீட்டில் அதை வைக்காதீர்கள்.

4. காகிதங்கள்

பேச்சு பிறகு, காகிதம் முதலில். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் உங்களுக்காகப் பேசுவது இவைதான். ஒரே நாளில் எடுக்காமல் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய், நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். ஒரிஜினலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் போட்டோ போதும்.

எடுக்க வேண்டியவை: உங்களுடையதும் பிள்ளைகளுடையதுமான ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, உங்கள் படிப்புச் சான்றுகள், பாஸ்போர்ட், வங்கிப் பாஸ்புக், மருந்துச் சீட்டுகள், பாஸ்போர்ட் அளவு போட்டோ, கணவருடைய சம்பளச் சீட்டு அல்லது கடை, வயல், வட்டி வருமானத்துக்கு ஏதாவது ஓர் ஆதாரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜீவனாம்சம் கேட்கும்போது இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் குறைத்துக் காட்டினால் மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

திருமணப் பதிவுச் சான்று இல்லையா? கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஒரே முகவரியில் உள்ள குடும்ப அட்டை போதும். நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானமும் (கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்), கோயிலில் புள்ளியாக (கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி) சேர்ந்த பதிவும் கூடுதல் பலம். சீர் சாமான் பட்டியல் எழுதியிருந்தால் அது தங்கம் மாதிரி. பெண்ணுக்கு வந்த நகை, பாத்திரம், பணம் அவளுடைய சீதனம். திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். என்ன தந்தார்கள் என்று நிரூபிப்பதில்தான் வழக்குகள் தடுமாறுகின்றன. பட்டியல் இல்லையென்றால் நகைக் கடை பில், கல்யாண வீடியோவில் நகை தெரியும் இடங்கள், அடகுச் சீட்டுகள்.

கூடவே ஒரு நாள்குறிப்பு. தேதி, நேரம், என்ன செய்தார், யார் பார்த்தார், எந்த ஆஸ்பத்திரி. "எப்பவும் அடிப்பார்" என்று நூறு தடவை சொல்வதைவிட, தேதியோடு நான்கு சம்பவம் பலமானது. காயத்தைப் போட்டோ எடுக்கும்போது முகமும் தெரிய ஒன்று, காயம் மட்டும் கிட்டத்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்துக் கன்றிப்போன பிறகு மறுபடி ஒன்று. ஒலிப்பதிவு இருந்தால் அது பதிவான போனை விற்காதீர்கள், கோப்பின் பெயரையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சிக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள், மூலக் கோப்பு தேவைப்படும்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். வெறும் ஓ.பி. சீட்டு போதாது. யார் அடித்தார், எதனால் அடித்தார் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். புகார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிகிச்சை தர வேண்டியது அவர்கள் கடமை.

5. பணமும் நகையும்

இப்போது இருக்கும் வங்கியில் இல்லாமல் வேறொரு வங்கியிலோ அஞ்சலகத்திலோ உங்கள் பேரில் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கு 500 ரூபாய். குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆதாரில் கணவர் எண் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போய்விடும். முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனால் பழைய எண்ணுக்குச் செய்தி வந்தால் தெரிந்துவிடும் நிலை என்றால் இதைக் கிளம்பிய பின் செய்யுங்கள்.

கூட்டு லாக்கர் இருந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற முறையில்தான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் கிளம்பிய அன்றே காலியாகிவிடக்கூடும். வங்கி மேலாளருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் அணிந்திருப்பது, உங்கள் பீரோவில் இருப்பது உங்கள் நகை, எடுத்துச் செல்லலாம். மாமியார் நகையையோ பொதுவில் உள்ளதையோ தொடாதீர்கள். திருட்டுப் புகார் கொடுக்க அதுவே போதும்.

6. எங்கே போவது: இரண்டு வழிகள்

ஒன்று, பாதுகாப்பு அலுவலர். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் கீழ் இருப்பார். உங்கள் பேச்சைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். சேவை இலவசம். போலீஸ் வேண்டாம், கைது வேண்டாம், அடி நிற்க வேண்டும், வீட்டில் இடம் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழியே மேல்.

இங்கே எல்லைத் தகராறு ஒன்று உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், நெற்குப்பை எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு ஒன்றாக இருந்தாலும் அலுவலர் வேறு வேறு. நல்லவேளையாக, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. புகுந்த வீடு காரைக்குடி, அம்மா வீடு பொன்னமராவதி என்றால் அம்மா வீட்டுப் பக்கமே போடலாம். "அங்க போயி குடுங்க" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டு, அனைத்து மகளிர் காவல் நிலையம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உண்டு. ஆனால் அடிபட்ட இரவில் எந்த ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போகலாம். எல்லை வேறு என்றாலும் புகாரைப் பதிந்து மாற்றி அனுப்ப வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவு, பழைய 498-ஏ. மூன்று ஆண்டு வரை சிறை.

ஸ்டேஷனில் கவனிக்க வேண்டியவை:

- மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.
- சி.எஸ்.ஆர்., அதாவது மனு பெற்றதற்கான ரசீது, வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். ரசீது எண் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.
- முதல் விசாரணைக்கு இருவரையும் கூப்பிடுவார்கள். இவ்வகைக் குற்றத்தில் வழக்குப் பதியுமுன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய இடமிருக்கிறது. வாரக்கணக்கில் "நாளைக்கு வாங்க" என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.
- எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம்.
- மனு கொடுத்ததும் கைது செய்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவருக்கு நோட்டீஸ்தான் போகும். நோட்டீஸ் அவர் கைக்குப் போகும் அன்று நீங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஆகவே தங்குமிடம் முதலில், மனு பிறகு.

தங்குமிடம் இல்லாதவர்களுக்கு ஒருங்கிணைந்த சேவை மையம், சகி என்பார்கள். தங்க இடம், சாப்பாடு, மருத்துவம், ஆலோசனை, வக்கீல் எல்லாம் ஒரே இடத்தில். பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம், பிள்ளைகளோடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அவர்களே நீண்டகால விடுதிக்கு அனுப்புவார்கள். நேரே போய் நிற்பதைவிட 181-ல் பேசிவிட்டுப் போவது நல்லது.

7. கிளம்பும் நாள்

பகலில், அவர் வழக்கமாக வெளியே இருக்கும் நேரத்தில். பை பெரிதாக வேண்டாம். மருந்து, கண்ணாடி, பிள்ளைகளின் ஒரு செட் உடுப்பு, காகிதம், சில்லறைப் பணம். வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சிவகங்கை, மதுரை போகும் வெளியூர் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். ஊர் ஸ்டாப்பில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும் என்றால் அடுத்த ஸ்டாப்பில் ஏறுங்கள். தெரிந்த ஆட்டோக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சாயங்காலம் உங்கள் மாமனார் கேட்டால் எங்கே இறக்கிவிட்டேன் என்று சொல்லிவிடுவார்.

பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சின்ன வாய் தாங்காது. விட்டுவிட்டுப் போய்ப் "பிறகு கூட்டிக்கலாம்" என்பதும் சரிப்படாது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் இழுக்கும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காக வேறு பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. பள்ளியில் பிள்ளைக்குத் தந்திருக்கும் எமிஸ் அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

சேர்ந்ததும் "நான் என் விருப்பப்படி இங்கே இருக்கிறேன், யாரும் கடத்தவில்லை" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காணவில்லை என்று கணவர் வீட்டார் புகார் கொடுத்தால் போலீஸ் உங்களைத் தேடி வருவதை இது தடுக்கும்.

8. நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்

குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். வக்கீல் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். பெண்கள் வருமானம் எவ்வளவானாலும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள் அல்லது 15100. இலவச வக்கீல் "செலவுக்கு" என்று பணம் கேட்டால் அங்கேயே சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

ஒரே மனுவில் கேட்கக்கூடியவை (அடைப்பில் இருப்பது பிரிவு எண்): அடிக்கவோ பின்தொடரவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு (18), வீட்டில் இருக்கும் உரிமை அல்லது வாடகை (19), மாதச் செலவும் மருத்துவச் செலவும் (20), பிள்ளைகள் தற்காலிகமாக உங்களிடம் (21), நஷ்டஈடு (22). மறக்கக் கூடாதது 23: இடைக்கால உத்தரவு. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முழு மனு 60 நாளுக்குள் என்று சட்டத்தில் இருந்தாலும் நடப்பில் மாதங்கள் ஆகும், வருஷமும் ஆகும். இடைக்கால உத்தரவைத் தனியாகக் கேட்காவிட்டால் அதுவரை கையில் ஒன்றும் இருக்காது.

"வீடு மாமனார் பேர்ல, ஒனக்கு இங்க என்ன பங்கு?" என்ற பேச்சு இங்கே அடிக்கடி வரும், அதிலும் ஏழெட்டுப் புள்ளிக்குப் பொதுவான பூர்வீக வீட்டில். பங்கு வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. நீங்கள் மருமகளாக நிலையாகக் குடியிருந்த வீடு கணவர் பேரில் இல்லையென்றாலும் கூட்டுக் குடித்தன வீடாகலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எப்போதோ விசேஷத்துக்கு வந்து தங்கிய வீட்டுக்கு இது பொருந்தாது. எந்தப் பங்கில், எந்த அறையில், எத்தனை வருஷம் இருந்தீர்கள், எங்கே வேறு வைத்துச் சமைத்தீர்கள் என்று மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உத்தரவின் நகல் இலவசம். ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, ஒன்றை எப்போதும் கைப்பையில் வையுங்கள்.

9. சமாதானப் பேச்சு

மனு போட்ட வாரத்திலேயே வரும். பெரியவர்கள் வருவார்கள், "ஊருக்குத் தெரிஞ்சா வெக்கம் ஆத்தா, தங்கச்சிக்கு வரன் பாக்க வேணாமா" என்பார்கள். பேசுவது தப்பில்லை. ஆனால் அவருடன் ஒரே அறையில் வைத்துப் பேசும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். உங்கள் பக்கம் இருவர் போய்ப் பேசட்டும். மூன்று விஷயம் கறாராக: வெள்ளைத் தாளில் கையெழுத்து இல்லை; மனுவை முதலில் வாபஸ் வாங்கு, பிறகு பார்ப்போம் என்பதற்கு ஒப்புதல் இல்லை; ஒத்துக்கொண்டது எதுவானாலும் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். நாலு பேர் முன்னால் அடித்த சத்தியத்தை வைத்து யாரும் ஜீவனாம்சம் வசூலித்ததில்லை.

திரும்பிப் போவதென்று நீங்களே முடிவு செய்தாலும், அது உங்கள் முடிவு. சி.எஸ்.ஆர். எண், ஏ.ஆர். காப்பி, நாள்குறிப்பு மூன்றையும் வெளியே வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். அந்த வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.